தீவுக்குப் போன அம்மி

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு மாலத்தீவு போக எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். 2024ல் அவர்களுடைய துணை அமைச்சர்கள் நம் பிரதமரைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டுப் பயணத்தை ரத்து செய்தேன். இப்போது உறவு சரியாகிவிட்டது, போகலாம் என்கிறாள் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ராஜராஜன் வென்ற தீவு அது. 1988ல் நாம்தான் காப்பாற்றினோம், 2014ல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். நன்றி இல்லாதவர்களை நண்பர்கள் என்று எப்படிச் சொல்வது?

செ., கோவை

அன்புள்ள செ.,

போன வாரம் அம்மா வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்தோம். மண்ணில் பாதி புதைந்து கிடந்த அம்மியைப் புரட்டிப் போட்டபோது பெரியப்பாவின் நினைவு வந்தது. அன்று சாயந்திரம்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அமைச்சர்கள் பேசியதை விடுங்கள். அவர்களை அந்த அரசே இடைநீக்கம் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் முய்சு டெல்லி வந்தார். 2025 ஜூலையில் அவர்களுடைய அறுபதாவது சுதந்திர தினத்துக்கு நம் பிரதமர் போனார். இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ராஜராஜனை இழுத்தீர்களே, அதை விட மாட்டேன். 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்' என்று மெய்க்கீர்த்தியில் வருவது மாலத்தீவுதான் என்று பலரும் சொல்கிறார்கள். சரி, வென்றான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வீட்டுக்குள் படையோடு புகுந்ததைச் சொல்லிக்காட்டி, அதே மூச்சில் நன்றி எங்கே என்று கேட்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கே கூச்சமாக இல்லையா? 1988 நவம்பர் 3 அன்று தலைநகர் மாலேயில் துப்பாக்கியோடு இறங்கியவர்கள் யார் என்றாவது தெரியுமா? இலங்கையிலிருந்து படகில் போன தமிழ் இயக்கத்துக்காரர்கள், அங்கே ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிக்குப் போனவர்கள். அன்றிரவே ஆக்ராவிலிருந்து நம் வீரர்கள் பறந்து போய்க் காப்பாற்றியது உண்மை, பெருமைதான். ஆனால் அந்தத் தீவில் ஒரு கிழவிக்குத் தமிழ்க் குரல் என்றால் முதலில் எது ஞாபகம் வரும் என்று யோசித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள்.

தண்ணீர் கொடுத்ததையும் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்து, மாலே நகரமே தாகத்தில் தவித்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் குடத்தைக் கொடுப்போம். பத்து வருஷம் கழித்துப் போய் அந்தக் குடத்தைப் பற்றிப் பேசுவோமா?

என் பெரியப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணியை ஓட்டிச் செல்லும் தலைவர். அரிசி, வெங்காயம், ஓடு, செங்கல் என்று எதை ஏற்றினாலும் கொண்டுபோவார். நான் ஏழாம் வகுப்பு படித்த 1984ல், மாலே போகும் வழியில் காற்று மாறி, பாய் கிழிந்து, வடக்குப் பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றின் அருகே மாட்டிக்கொண்டார்கள். தீவுக்காரர்கள் படகில் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார்கள். அவர்கள் படகுக்கும் பெயர் தோனிதான்.

ஒன்பது நாள் ஒரு மீன்காரர் வீட்டில் சாப்பாடு. பேச்சு முழுக்கக் கையசைவுதான். பெரியப்பாவை அவர்கள் 'பேபே' என்று கூப்பிட்டார்களாம், அண்ணன் என்று அர்த்தம். அந்த வீட்டு அம்மா மசாலா அரைக்க நாலு வீடு தள்ளிப் போவதைப் பெரியப்பா தினமும் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே அம்மி, அதுவும் நடுவில் குழிந்துபோனது. மாலத்தீவு முழுக்கப் பவளப்பாறைத் தீவுகள். கருங்கல் ஒரு துண்டு கிடையாது.

கிளம்பும்போது ஓலையில் சுற்றி எட்டுக் கட்டை மாசி கொடுத்தனுப்பினார்கள். சூரை மீனை நாலாக அரிந்து, உப்புத் தண்ணீரில் அவித்து, புகை மூட்டி, விறகுக்கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைப்பது மாசி. 1343ல் அங்கே போன மொராக்கோ பயணி இப்னு பதூதாவும் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த மீன் அப்போதே இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா அதை அம்மியில் வைத்துக் குழவியால் இடித்தாள். முதல் அடியில் பெயரவே இல்லை. நாலாவது அடியில் உள்ளே கருஞ்சிவப்பாக, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு பிளந்தது. சின்ன வெங்காயமும் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைத்தாள். வீடு முழுக்கப் புகை வாசம்.

மழைக்காலம் கழிந்து தோணி மறுபடி இறங்கியபோது, பெரியப்பா சாக்குக்கு நடுவே புது அம்மியும் குழவியும் கட்டி வைத்தார். "பெரியப்பா, கல்லுக்கு யார் காசு தருவா?" என்று கேட்டேன். "போடா, அந்தப் பிள்ளை நாலு வீடு தாண்டிப் போறா"ன்னு மட்டும் சொன்னார். கூலி ஆள் இல்லாமல் அவரே தூக்கி ஏற்றினார்.

நட்பு என்று நீங்கள் கேட்பது எனக்கு இதுதான். மேலே என்ன சண்டை வந்தாலும் கீழே இது நிற்பதில்லை. நீங்கள் கோபப்பட்ட அதே 2024ல், ஏப்ரல் மாதம், முட்டை, அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு அவர்களுக்குப் போகும் அளவை நம் அரசு கூட்டியது. 1981ல் இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தம் வந்த பிறகு அதுவரை அவ்வளவு அனுமதித்ததே இல்லை. வீடு கட்டும் ஜல்லிக்கும் ஆற்று மணலுக்கும் அளவு 25 சதவீதம் கூடியது. கல் இல்லாத ஊருக்குக் கல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது தம்பி. கோபத்தில் நீங்கள் பயணத்தை ரத்து செய்தீர்கள், வெங்காயம் ரத்தாகவில்லை.

பயணத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். போனால் சொகுசு விடுதியிலேயே இருந்துவிடாதீர்கள், மக்கள் வாழும் ஒரு தீவில் இரண்டு நாள் தங்குங்கள். மாசி வாங்கினால் கட்டையாக வாங்குங்கள், தூளாக வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு தடவை தூத்துக்குடி வாருங்கள், பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுவதைக் காட்டுகிறேன். காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் நிற்க முடியாது.