கார் ஓட்டுபவர்களுக்கான செயலியில் என்னென்ன வசதிகள் வைக்கலாம்?

காரோடு இணைந்து வேலை செய்யும் ஒரு மொபைல் செயலியை வடிவமைக்கிறேன், வழிகாட்டும் வரைபடம், அழைப்பு, பாட்டு, வண்டியின் நிலவரம் எல்லாம் ஒரே திரையில் வரும், பயணம் பத்திரமாகவும் தடங்கல் இல்லாமலும் இருக்க இன்னும் என்ன சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன பிள்ளையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

டிரைவருக்கு இனி எதையும் சேர்க்க வேண்டாம். டிரைவரைக் கூப்பிடுகிறவருக்கு ஒரு திரை செய்யுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்படிக் கூப்பிட்டவன் நான்.

காரைக்குடியில் நாலு வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துகிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் சென்னையில் ஆண்ட்ராய்டு வேலை. கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் செய்யும் இடம், பிள்ளையார்பட்டி என்று வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டி, மதுரையிலோ திருச்சியிலோ ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவதுதான் பிழைப்பு. ஊருக்கு வந்த புதிதில் எங்கள் வண்டிகளுக்கென்று நானே ஒரு செயலி எழுதினேன். டிரிப் ஷீட், வாடிக்கையாளர் பெயர், அடுத்த இடம், கிலோமீட்டர், வண்டியின் ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி செருகும் இடம்) புளூடூத் கருவி செருகி இன்ஜின் சூடு, பேட்டரி வோல்ட் வரைக்கும் திரையில் ஓடும். உட்கார்ந்த இடத்தில் நாலு வண்டியும் எங்கே போகிறது என்று என் போனில் தெரியும். ரொம்பப் பெருமையாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாட்களில் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பழனிக்கு நடப்பவர்களால் குன்றக்குடிச் சாலை ராத்திரியிலும் நிறைந்திருக்கும். காவடி எடுத்தவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்தவர்கள், முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், ஒட்டாதவர்கள். பல இடத்தில் விளக்கு கிடையாது.

எங்கள் மூத்த டிரைவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், மதுரை ஏர்போர்ட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என் போனில் வண்டி எங்கள் பக்கத்துத் திருப்பத்தூரிலேயே நிற்கிறது. பத்து நிமிடம், இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம், புள்ளி நகரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

வண்டி நிற்கவே இல்லை. அவர் போனில் பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிட்டது, அதனால் கடைசியாக வந்த இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குன்றக்குடி தாண்டி வந்துவிட்டார். வந்தவர்கள் பாட்டுக் கேட்கத் தங்கள் போனை வண்டியோடு இணைத்திருந்தார்கள், அவர்கள் இறங்கிய பிறகு அண்ணன் போன் தானாக இணையவில்லை. அதனால் மணி ஏசி துவாரத்தில் மாட்டிய போனிலேயே அடிக்கிறது. இரண்டு தடவை விட்டவர், மூன்றாவது தடவை முதலாளி கூப்பிடுகிறாரே என்று கையை நீட்டியிருக்கிறார். வண்டி இடது பக்கம் ஒரு முழம் போயிருக்கும். எதிரே நடந்து வந்த ஒரு அம்மாவின் தோளில் தொங்கிய மஞ்சள் பை சைடு மிரரில் மாட்டி, பையின் கைப்பிடி அறுந்து, அந்த அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் சிராய்ப்போடு போனது. நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ரோட்டோரம் குனிந்து, போன் வெளிச்சத்தில் சிதறிக் கிடந்த பேரீச்சம்பழத்தையும் விபூதிப் பொட்டலத்தையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னது ஒன்றுதான். "தம்பி, நீங்க கூப்பிட்டீங்களேன்னு எடுக்கப் போனேன்."

டிரைவர் எடுத்திருக்கக் கூடாது, அது அவர் தப்புதானே என்று சிலர் எழுதுவீர்கள். சட்டப்படி சரிதான். 2020 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி. ஆனால் சம்பளம் கொடுக்கிறவன் மூன்று தடவை கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தால் போதும் என்றும் சொல்லாதீர்கள். ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நாலு மடங்கு, ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனசு பேச்சில்தானே இருக்கும்.

சரி, அப்புறம் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

முதல் வேலை, பொய் சொல்லும் புள்ளியை எடுத்தேன். கடைசியாகத் தகவல் வந்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும், "8 நிமிடத்துக்கு முன் இங்கே இருந்தது" என்று எழுத்தில் வரும். நின்றுபோன வண்டியும் சிக்னல் இல்லாத வண்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கவே கூடாது. டிரிப் தொடங்கும்போது டிரைவரே ஒருமுறை தொட்டு இடம் அனுப்புவதை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக, அதாவது ஓடுவது கண்ணுக்குத் தெரியும் வேலையாக, ஆரம்பிக்கிறார், அதன் அறிவிப்பு மேலே நின்றுகொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து பின்னணியில் இருக்கும் செயலி இதைத் தானாகத் தொடங்கப் பெரும்பாலும் விடுவதில்லை, மறைவாக ஏதாவது செய்யலாம் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்குக் கேட்டு வாங்குங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனிலேயே சேமித்து, கிடைத்ததும் அனுப்பினால் போதும்.

இரண்டாவது, என் திரையிலும் வாடிக்கையாளர் திரையிலும் இருந்த போன் பொத்தானை எடுத்துவிட்டேன். வண்டி ஓடும்போது அந்த இடத்தில் "ஓடிக்கொண்டிருக்கிறது, வர 35 நிமிடம்" என்று வரும், கீழே "நிறுத்தியதும் கூப்பிடச் சொல்" என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் டிரைவர் போனில் சத்தமே வராது, வண்டி நின்ற பிறகுதான் தெரியும். அவசரம் என்றால் தனியாக ஒரு வழி உண்டு, அதை அழுத்தினால் "ஓரமாக நிறுத்துங்கள்" என்று குரல் மட்டும் வரும். கூப்பிடுவதில் பெரும்பாலும் "எங்கே இருக்கீங்க" என்பதுதான் கேள்வி. பதில் திரையிலேயே இருந்தால் யாரும் கூப்பிடுவதில்லை, இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஓட்டும்போது டிரைவர் திரையில் அடுத்த திருப்பம் தவிர ஒன்றும் கிடையாது. இன்ஜின் சூடும் வோல்ட்டும் டிரிப் முடிந்த பிறகு எனக்குத்தான் வரும், அண்ணனுக்கு அது எதற்கு? ஒரு பார்வை 2 நொடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை காரோடு வரும் திரைகளுக்கு 2013-ல் ஒரு வழிகாட்டுதல் போட்டது. மணிக்கு 60 கிலோமீட்டரில் 2 நொடி என்பது 33 மீட்டர். வண்டியில் போன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இருந்தால் அவர்கள் முன்பே வடிவமைத்துத் தரும் திரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாக அழகு பண்ண ஆசைப்படாதீர்கள். குரலும் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலக் குரல் ஆத்தங்குடியையும் கானாடுகாத்தானையும் கடித்துத் துப்பும்போது, என்ன ஊர் சொன்னது என்று டிரைவர் திரையைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைக் குறைக்கத்தானே குரலே வைத்தோம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ராத்திரிக்குப் பல ஆயிரம் வாங்கும் தங்குமிடங்களில் டிரைவர் படுக்க ஒரு பாய் கிடையாது. விருந்தினர் பட்டியக்கல் முற்றத்தில் காபி குடிப்பார், அவரைக் கூட்டிவந்தவர் வெளியே வண்டிக்குள் சீட்டைச் சாய்த்து, கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிடப்பார். காலை ஐந்து மணிக்கு ராமேஸ்வரம் கிளம்ப வேண்டும். தூங்காத கண்ணுக்கு எந்தச் செயலி என்ன செய்யும்? புக்கிங் எடுக்கும்போதே டிரைவருக்குப் படுக்கை உண்டா என்று இப்போது கேட்டுவிடுகிறேன், இல்லையென்றால் அந்த ராத்திரி வண்டியை ஊருக்கே திருப்பிவிடுகிறேன். சில இடங்கள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டன.

நாலு வண்டிக்காரன் பெரிய கம்பெனி மாதிரி அறிவுரை சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் வண்டிக்கு இது பொருந்துமா என்று நான் பார்த்ததில்லை, என் நாலு வண்டிக்குப் பொருந்துகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. செயலியே இல்லாதவர்கள், அண்ணனின் வீட்டுக்காரம்மாவும் என் அப்பத்தாவும், சாதாரணமாகத்தான் கூப்பிடுகிறார்கள். தொந்தரவு செய்யாதே என்று வைத்தால் அவர்களுக்கு மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லையே என்று பயந்து திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். தானாக எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால் பிளே ஸ்டோர் அந்த அனுமதியை இந்த மாதிரிச் செயலிகளுக்கு லேசில் தருவதில்லை, அப்பத்தா எஸ்எம்எஸ் படிப்பவரும் இல்லை. நீங்கள் செய்யும்போது இதற்கு ஒரு வழி கிடைத்தால் கீழே எழுதுங்கள், அதே வாரம் என் வண்டிகளில் போட்டுப் பார்க்கிறேன்.