மூன்று கணினிக்கு ஒரு பிரிண்டர்: கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: மண்டபத்தில் நண்டு, இறால் வாங்கி அனுப்பும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். மூன்று கணினிகள் உள்ளன. மூன்றிலிருந்தும் அச்செடுக்கலாம் என்று கடைக்காரர் உறுதி சொன்னதால் ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினேன். பில் போடும் கணினியில் யுஎஸ்பி கேபிளைச் செருகி, மற்ற இரண்டுக்கும் ‘ஷேர்’ செய்து கொடுத்தார்கள். அந்தக் கணினியை அணைத்தால் மற்றவற்றில் அச்சாவதில்லை. மறுபடி இணைக்க முயன்றால் 11பி என்று முடியும் பிழை எண் வருகிறது. வேறு பிரிண்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே வாங்க வேண்டாம். இப்போதுள்ள ஏற்பாட்டில் மற்ற இரு கணினிகளும் அச்சிட வேண்டியதைப் பிரிண்டருக்கு நேரே அனுப்புவதில்லை, பில் போடும் கணினி வழியாகவே அனுப்புகின்றன. ஆகவே அது அணைந்தாலும் ‘ஸ்லீப்’ நிலைக்குப் போனாலும் வேலை நின்றுவிடும். அந்தப் பிழை எண், 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அச்சுப் பகிர்வுக்கான பாதுகாப்பை இறுக்கியதிலிருந்து தோன்றியது. மூன்று கணினிகளையும் புதுப்பித்து, ஒவ்வொன்றிலும் பிரிண்டர் நிறுவனத்தின் டிரைவரை (கணினி பிரிண்டரை இயக்க உதவும் மென்பொருள்) நிறுவிய பின் இணைத்துப் பாருங்கள். விண்டோஸின் உள்ளமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிப் பிழையை நிறுத்தித் தருவதாக யாரேனும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது பாதுகாப்பைத் தளர்த்தும் வேலை.

அடுத்து, பிரிண்டரின் பின்புறம் லேன் கேபிள் (ரௌட்டரோடு கருவிகளை இணைக்கும் கேபிள்) செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கவலை பெருமளவு தீர்ந்தது. ரௌட்டரிலிருந்து ஒரு கேபிளை அதில் செருகி, ரௌட்டரின் அமைப்பில் பிரிண்டருக்கென்று ஒரு ஐபி முகவரியை (இணைப்பில் உள்ள கருவியை அடையாளம் காட்டும் எண்) நிலையாக ஒதுக்கி, அந்த முகவரியைக் கொண்டே ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய் வரும் நம் கரையோரத்தில், ரௌட்டர் மறுபடி உயிர்பெறும்போது பிரிண்டருக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிடக்கூடும், கணினிகள் பழைய முகவரியிலேயே தேடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டும், பிரிண்டர் பழுதென்று எண்ணி மெக்கானிக்குக் கூலி கொடுப்போம். லேன் துளையோ வைஃபையோ இல்லாத மாடலாக இருந்தால், பில் போடும் கணினியை வேலை நேரம் முழுவதும் ஸ்லீப் இன்றி ஓடவிடுவதே செலவில்லாத வழி.

இனி கடைக்காரரின் பொறுப்பு. வாய்மொழி உறுதியை நிரூபிப்பது கடினம். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதையும், பில்லையும், பெட்டியையும் பத்திரப்படுத்தி, முதலில் எழுத்து மூலம் மாற்றித் தரக் கேளுங்கள். ஆனால் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் அலுவலகம் எந்த வகையில் சேரும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலக்கு பொருந்தினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. அடுத்த முறை வாங்கும்போது, லேன் வசதி உள்ள மாடல் என்பதையும் மூன்று கணினிகளில் நிறுவித் தருவதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கீழக்கரையில் எங்கள் வீட்டு வைஃபை பிரிண்டர் மகளின் லேப்டாப்பில் தெரிகிறது, என் கைப்பேசியில் தெரிவதில்லை. பிரிண்டரில் குறையா?

பதில்: லேப்டாப்பில் தெரிவதால் பிரிண்டரில் குறை இருக்க வாய்ப்பில்லை. கைப்பேசி ‘கெஸ்ட்’ என்ற விருந்தினர் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இணைப்பு வீட்டிலுள்ள மற்ற கருவிகளைப் பெரும்பாலும் மறைத்துவிடும். மொபைல் டேட்டாவில் இருந்தாலும் பிரிண்டர் தெரியாது. ரௌட்டரை மாற்ற நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும், எனவே புதிய ரௌட்டரில் அதை அணைத்து வைக்கக் கூடாது.