1990களின் தொடக்கத்தில் வந்த தமிழ்ப் பாடல்கள் உண்மையிலேயே உயர்ந்தவையா, அல்லது அப்போது இளைஞர்களாக இருந்தவர்களின் ஏக்கம்தானா?

காரில் போகும்போதெல்லாம் உங்கள் அப்பாவோ மாமாவோ ‘இப்போதெல்லாம் பாட்டா போடுகிறார்கள்’ என்று புலம்புபவராக இருக்க வேண்டும். கேள்வியிலேயே அந்தச் சலிப்பு தெரிகிறது. நான் அப்போது திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு அருகே, கேட்கிற சினிமாப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன், அதனால் எழுதுகிறேன். காப்புரிமை பற்றிப் பாடம் எடுக்க வருபவர்கள் சற்றுப் பொறுக்கவும். பட்டப்பகலில் போர்டு மாட்டி ஊரெங்கும் நடந்த தொழில் அது. நான் சம்பளத்துக்கு இருந்தவன்.

வாடிக்கையாளர் பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வருவார். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, 90 என்றால் ஒன்பது. இசைத்தட்டிலிருந்து பதிவதால் 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடமும் ஓடித்தான் ஆக வேண்டும். காசும் காத்திருப்பும் இருக்கிறபோது சுமாரான பாட்டை யார் எழுதுவார்கள்? ஒரு படத்தில் ஐந்தாறு பாட்டு இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் தாளில் ஏறும். உங்கள் அப்பா இன்று காரில் போடுவது அந்தத் தாள்களில் தேறியவை. தேறாதவை எங்கள் அலமாரியில் தூங்கின. அவற்றில் சிலவற்றை இன்னொரு முறை கேட்கச் சொன்னால் ஊரை விட்டே ஓடிவிடுவேன்.

அந்தக் காலத்திலும் புலம்பல் இருந்தது. எம்.எஸ்.விஸ்வநாதனோடு பாட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, மகளுக்காக இளையராஜா பாட்டுகளைப் பதிந்து வாங்கிப் போன பெரியவர்கள் உண்டு. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ஒரு தனியார் பஸ் ஓட்டுநர் கேசட்டைத் திருப்பிக் கொண்டு வந்தார். ஸ்பீக்கர் உதறுகிறதாம், பதிவு சரியில்லையாம். கடையில் போட்டுக் காட்டினேன், சுத்தமாக இருந்தது. அவ்வளவு கனத்த பேஸ் ஒலி அவருடைய பஸ் ஸ்பீக்கருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். முணுமுணுத்தபடி போனவர், பிறகு டேப் தேய்ந்துவிட்டது என்று அதையே மறுபடி பதியச் சொன்னார்.

மறு வருடம் ஏப்ரலில் சன் டிவி வந்தது. அதுவரை வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கடைக்கு வந்து பல்லவியை முணுமுணுத்துக் காட்டுவார்கள். பின்னர் கேபிள் இணைப்பு பரவப் பரவ, கதாநாயகியின் சேலை நிறத்தைச் சொல்லிப் பாட்டுக் கேட்டார்கள். கண்டுபிடிக்க வேண்டியது எங்கள் தலையெழுத்து.

ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சினால், தாளில் இல்லாத, யாரும் கேட்காத ஒரு நல்ல பாட்டை நானாகப் போட்டு நிரப்புவேன். ‘கடைசியில் வருகிறதே, அது எந்தப் படம் தம்பி’ என்று கேட்டு வந்தவர்கள் பலர். எந்தச் செயலியும் எனக்கு அப்படி ஒரு பாட்டை இதுவரை தந்ததில்லை. கேசட் அட்டையில் பாட்டுப் பட்டியலை நுணுக்கி எழுதுவதும் நான்தான், அச்சடித்ததுபோல இருக்கும்.

கேள்விக்கு வருகிறேன். நல்ல பாட்டுகள் ஏராளமாக வந்த காலம்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பா ஒப்பிடுவது சலித்தெடுத்த அந்தக் காலத்தைச் சலிக்காத இந்தக் காலத்தோடு. அந்த ஒப்பீட்டில் எந்தப் புதுப் பாட்டும் ஜெயிக்காது.

இளையராஜாவா ரஹ்மானா என்று கீழே சண்டையைத் தொடங்க வேண்டாம். 1992 தீபாவளிக்கு எங்கள் கடையில் அதிகம் பேர் கேட்டு வாங்கியது ஒரு பக்கம் ‘ரோஜா’, மறுபக்கம் ‘தேவர் மகன்’.