தொண்டையிலா, மூக்கிலா? குழந்தைக்கு எங்கே ஸ்வாப் எடுப்பது

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. நான்கு நாளாகச் சளி, காய்ச்சல். லேபில் தொண்டையில் குச்சி விட்டு எடுத்தார்கள். வைரஸ் இல்லை என்று வந்தது. இப்போது மூக்கில் ஆழமாக விட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது? - ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

பதில்: இந்த வயதில் தொண்டை மாதிரியை மட்டும் நான் நம்ப மாட்டேன் அம்மா. சளி வைரஸ்களுக்கு மூக்கின் உட்சவ்வுதான் முக்கிய இருப்பிடம். குறிப்பாக ஆர்எஸ்வி (சின்னக் குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ்), தொண்டையில் எடுத்தால் எளிதாகத் தப்பிவிடும். போதாததற்குக் குழந்தை வாயைத் திறக்காது. குச்சி நாக்கைத் தொட்டுவிட்டே திரும்பியிருக்கலாம்.

அதற்காக ஆழமாகத்தான் விட வேண்டும் என்றில்லை. மூக்கின் பின்கோடிவரை போனால் வைரஸ் சிக்கும் வாய்ப்பு கூடுதல், உண்மைதான். ஆனால் பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் லேப் சோதனை) என்றால், முன்மூக்கில் ஒழுங்காக எடுத்த மாதிரியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கைகொடுக்கும். ஒழுங்காக என்றால், ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சுவரில் உரசும்படி நான்கைந்து சுற்று, இரண்டு துளையிலும். பையனை மடியில் உட்கார வைத்து, தலையை உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அரை மணியில் முடிவு சொல்லும் கார்டு டெஸ்ட் என்றால் கதை வேறு. அதற்கு வைரஸ் நிறைய இருக்க வேண்டும். நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

குச்சியையும் பாருங்கள். நுனியில் நைலான் இழைகள் பிரஷ் மாதிரி நிற்க வேண்டும். மரக்குச்சிப் பஞ்சு பிசிஆரைக் கெடுக்கக்கூடும். அப்புறம், மாதிரி ஓசூருக்கோ பெங்களூருவுக்கோ போகிறதென்றால் ஐஸ் பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள், 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இதை லேபில் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை.

சரி, மறுபடி எடுக்கத்தான் வேண்டுமா? முடிவைப் பார்த்து மருந்து மாறுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர் இருக்கிறது. ஆனால் முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் அதிகப் பலன். ஆர்எஸ்வி என்று தெரிந்தாலும் பெரும்பாலும் அதே கவனிப்புதான்: மூக்கடைப்பை நீக்குவது, பாலும் தண்ணீரும் இறங்குகிறதா என்று பார்ப்பது.

என்னைக் கேட்டால், இன்று ராத்திரி பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ ஸ்வாப் முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.