செவ்வாய்க்கிழமைக் கேள்வி பதில்: பள்ளிப் பையன்களின் முடிவெட்டு

பெரம்பூரில் முடிதிருத்தகம் நடத்தி வருகிறேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறையாகையால், 12 வயதிலிருந்து 18 வயது வரையிலான பையன்களின் முடிவெட்டைக் குறித்து வரும் கேள்விகளுக்கு இன்று மாலை வரை பதில் எழுதுகிறேன். முடி உதிர்வுக்கும் தோல் நோய்க்கும் மருத்துவர் இருக்கிறார். அவருடைய வேலையை நான் எடுத்துக்கொள்வதாக இல்லை.

கேள்வி (வேளச்சேரி, ஒரு தாய்): என் மகனுக்கு 14 வயது. ஒவ்வொரு முறையும் ஒரு கிரிக்கெட் வீரரின் படத்தைக் கைப்பேசியில் காட்டி வெட்டச் சொல்கிறான். கடையை விட்டு வரும்போது நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் தலைக்குக் குளித்ததும் உச்சிக்குப் பின்னால் ஒரு கற்றை குத்திட்டு நிற்கிறது. கடையை மாற்றியும் பயனில்லை. அவனுக்கு எந்த வெட்டு பொருந்தும்?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சுழியின் வேலை. உச்சிக்குச் சற்றுப் பின்னால் முடி வட்டமாகச் சுற்றி முளைக்கும் அந்த இடத்தில், ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு திசையில் சாய்ந்தபடியே தோலை விட்டு வெளியே வருகிறது. பெரும்பாலானோருக்கு வலஞ்சுழி, சிலருக்கு இடஞ்சுழி, வெகு சிலருக்கு இரட்டைச் சுழி. (இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு திருமணம் என்று பாட்டிமார் சொல்வதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.) அங்கே முடி 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால், படிந்து கிடப்பதற்கு வேண்டிய எடை அதற்கு இராது, நிமிர்ந்து நிற்கும் விறைப்பு மட்டும் இருக்கும். ஆகவே சுழியில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். தன் எடையாலேயே படியும்படி 5 சென்டிமீட்டருக்குமேல் விட்டுவிடலாம். இல்லாவிட்டால், நிற்பதே தெரியாதபடி 1 சென்டிமீட்டருக்குள் ஒட்ட வெட்டலாம். இடைப்பட்ட நீளம் எந்தக் கடையில் வெட்டினாலும் நிற்கும்.

கடையில் நீங்கள் சொல்ல வேண்டியது, முடியை நனைப்பதற்கு முன்னால் தலையைப் பாருங்கள் என்பதுதான். உட்கார்ந்த உடனே தண்ணீரைப் பீய்ச்சினால் எல்லா முடியும் படிந்துவிடும், ஒன்றும் தெரியாது. நான் சீப்பை எடுப்பதற்கு முன்னால் விரல்களை விட்டுப் பிடரியிலிருந்து மேல்நோக்கி முடியைத் தள்ளிப் பார்ப்பேன். விட்டதும் அது எந்தப் பக்கம் விழுகிறதோ அதுவே அதன் போக்கு. நெற்றி ஓரத்தில் ஒரு கற்றை மேல்நோக்கி எழும்பினால், அந்தப் பையனுக்கு நெற்றியில் முடியை இறக்கிவிடும் வெட்டு நிலைக்காது. பிடரியில் முடி மேல்நோக்கி வளர்பவனுக்குக் கழுத்தோரத்தைச் சதுரமாகக் கத்தியால் எடுத்தால், ஒரே வாரத்தில் கோடு கலைந்து கழுத்து அழுக்காகத் தெரியும். படிப்படியாகக் குறைத்துக்கொண்டே இறக்கினால் வளரும்போதும் பாந்தமாக இருக்கும்.

படம் கொண்டு வருவதில் தவறில்லை. காதுக்கு மேல் எவ்வளவு ஒட்ட வேண்டும், நெற்றி தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா என்ற இரண்டு செய்திகள் அதில் கிடைக்கும். மற்றபடி, அந்த வீரருக்குப் படம் எடுப்பதற்குச் சற்று முன்னர் யாரோ முடியை உலர்த்தி வாக்ஸ் போட்டிருப்பார்கள். உங்கள் மகன் காலையில் பள்ளி வேனைப் பிடிக்க ஓடுகிறவன். இரண்டு நிமிடத்தில் அவனே சீவிக்கொள்ள முடியாத எந்த வெட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (அம்பத்தூர், 16 வயது): அண்ணா, லோ ஃபேடு, மிட் ஃபேடு, ஹை ஃபேடு என்கிறார்களே, கடையில் எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: தம்பி, பக்கத்து முடியைக் கீழே ஒட்ட எடுத்து, மேலே போகப் போகப் படிப்படியாக நீளம் கூட்டுவதுதான் ஃபேடு. அந்த ஒட்டிய பகுதி எந்த உயரத்தில் முடிகிறது என்பதைத்தான் அந்தப் பெயர்கள் குறிக்கின்றன. காதுக்குச் சற்று மேலே முடிந்தால் லோ, நெற்றிப்பொட்டின் உயரத்தில் முடிந்தால் மிட், அதையும் தாண்டினால் ஹை. மிஷினில் மாட்டும் சீப்பின் எண்களையும் தெரிந்துகொள்: 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் ஏறத்தாழ 10, 4 என்றால் ஏறத்தாழ 13. "பக்கத்தில் 2, மேலே கத்திரி" என்று எண்ணைச் சொல்லிக் கேட்டால், வெட்டுபவர் உன் மனத்தில் இருப்பதை ஊகிக்க வேண்டியதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. தோல் தெரிய எடுத்த ஃபேடு இரண்டே வாரத்தில் அடையாளம் தெரியாமல் போகும். அதற்குள் மீண்டும் கடைக்கு வரப் பணம் யார் தருவார் என்பதை முதலில் வீட்டில் பேசி முடித்துக்கொள். கத்திரியும் சீப்பும் கொண்டு வெட்டிய தலை ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும்.

கேள்வி (தாம்பரம்): மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளருமா?

பதில்: வளராது. அடர்த்தி, தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்கால்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கத்தி அங்கே போவதில்லை. புதிதாக முளைக்கும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தொட்டால் தடிமனாகத் தோன்றும், அவ்வளவுதான். நேர்த்திக்கடனுக்குத் திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள்.

கேள்வி (இராயப்பேட்டை, 15 வயது): எனக்குச் சுருட்டை முடி. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வேரில் புதிதாக வரும் முடி சுருண்டேதான் வரும்; மூன்றே மாதத்தில் மேலே நேராகவும் அடியில் சுருளாகவும் இரண்டு தலையோடு திரிவாய். கெரட்டின் என்ற பெயரில் முடியை நேராக்கப் பூசும் மருந்துகள் சிலவற்றில் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு என்ற ஆவி வெளியேறும். ஏசிக்காகக் கதவைச் சாத்திய அறையில் அதை மூச்சிழுப்பது யாருக்கும் நல்லதன்று, உன் வயதில் அறவே கூடாது.

சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல். ஈரமாக இருக்கும்போது நீண்டு தெரியும் சுருள், காய்ந்ததும் மேலேறிவிடும். ஈரத்தில் அளந்து வெட்டினால் நீ கேட்டதைவிடக் கட்டையாகவே முடியும். மேலே 7, 8 சென்டிமீட்டர் விட்டு, பக்கங்களை 3-ஆம் எண்ணிலிருந்து இறக்கி எடுத்தால் சுருள் தானாகவே ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். காய்ந்த முடியில் சீப்பைப் போடாதே. ஈரமாக இருக்கும்போது அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போ. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் சுருள் உப்பத்தான் செய்யும். வீட்டில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசியாக ஊற்றும் ஒரு வாளியை மட்டும் நல்ல தண்ணீராக வைத்துக்கொண்டால் முடியின் சொரசொரப்பு குறையும்.

கேள்வி (வடசென்னை, ஓர் ஆசிரியர்): பள்ளியில் கட்டுப்பாடு உண்டு என்று தெரிந்தும் பாக்ஸ் கட்டிங், ஸ்பைக், தலையில் கோடு போடுதல் முதலியவற்றை நீங்கள் ஏன் செய்து அனுப்புகிறீர்கள்? மாணவன் என்று தெரிந்தால் மறுத்துவிடக் கூடாதா?

பதில்: ஆசிரியர் ஐயா, தலையில் கோடும் புருவத்தில் வெட்டும் கேட்டு வரும் பள்ளிப் பையனை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் பாக்ஸ் கட்டிங் என்று நீங்கள் கூறுவதற்கு அளவு என்ன? "முறையாக முடி வெட்டி வரவும்" என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்புகிறீர்கள். அதைப் பார்த்து நான் வெட்டி அனுப்பிய ஒரு பையனை, வகுப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார், உடற்கல்வி ஆசிரியர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். உங்களை உறுத்துவது மேலே உள்ள முடிக்கும் பக்கத்தில் உள்ள முடிக்கும் இடையிலான வேறுபாடுதான். பக்கத்தில் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மேலே 5 சென்டிமீட்டருக்கு மிகாமல் என்று எண்ணை எழுதிக் கொடுங்கள்; நகரத்தில் எந்தக் கடைக்காரரும் அப்படியே வெட்டித் தருவார்.

இடையில் ஒரு தந்தை (கொளத்தூர்): எண் கொடுப்பது இருக்கட்டும். என் மகனைக் காலை வணக்கக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, நடுத்தலையில் கத்திரி போட்டு அனுப்பினார்கள். கடைக்கு அழைத்துப் போய் ஒட்டவே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பள்ளிக்குப் போகவே மறுத்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறதே, அது ஆசிரியர்களுக்குத் தெரியாதா?

அதே ஆசிரியர்: அப்படிச் செய்தது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒருவன் ஃபேடு போட்டு வந்தால் மறு வாரம் பத்துப் பேர் வருகிறார்கள். அதற்காகச் சாப்பாட்டுக் காசைச் சேர்த்து வைக்கும் பிள்ளையையும் நான்தான் வகுப்பில் பார்க்கிறேன். கட்டுப்பாடே வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு யார் துணை?

ஒரு மாணவர் (வியாசர்பாடி, பத்தாம் வகுப்பு): சார், இதே வெட்டைப் பெரிய பள்ளியில் படிக்கும் பையன் வைத்தால் ஸ்டைல் என்கிறார்கள். எங்கள் பகுதிப் பையன் வைத்தால் ரவுடி என்கிறார்கள். போலீஸ்காரர்கள்கூட வண்டியை நிறுத்தி முதலில் தலையைத்தான் பார்க்கிறார்கள்.

பதில்: மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தம்பி சொல்வது உண்மை. அண்ணா நகரில் ஏசிக் கடையில் எடுக்கும் மிட் ஃபேடும் என் கடையில் எடுக்கும் மிட் ஃபேடும் ஒரே மிஷினில், ஒரே எண்ணில் எடுப்பவைதான். வெட்டைப் பார்த்துப் பையனை எடைபோடுபவர்கள் உண்மையில் அவன் முகவரியை எடைபோடுகிறார்கள். தந்தை சொல்லும் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. ஆனால் 15 வயதுப் பையனின் தலையில் கத்திரி போடலாம் என்று அதற்குப் பொருளாகாது. பயிற்சியில்லாத கை பையனின் காதருகே கத்திரியைக் கொண்டுபோவதே ஆபத்து. ஆசிரியர் கேட்பதில் எனக்கு உடன்பாடான பகுதி காசு பற்றியது. அதற்கும் அளவைச் சொல்லிவிடுவதுதான் வழி. எல்லாருக்கும் ஒரே எண் என்றால் போட்டி போட ஒன்றும் மிஞ்சாது. இதற்குமேல் இந்த வழக்கை இங்கே நடத்த வேண்டாம்; கீழே பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): கோடை விடுமுறையில் மகனுக்கு மொட்டை போட்டால் முடி நன்றாக...

பதில்: தாம்பரத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர், ஒரு தாய்): கிருதாவை பிளேடால் எடுத்த பிறகு மகனுக்குச் சிறு சிறு கட்டிகள் வருகின்றன. ஏன்?

பதில்: அம்மா, காய்ந்த தோலில், முடி வளரும் திசைக்கு எதிராக பிளேடை இழுத்தால் வரும். வெந்நீர் ஒற்றி, நுரை போட்டு, முடி சாயும் பக்கமாகவே இழுக்க வேண்டும். கட்டி சீழ் பிடித்தால் மருத்துவரிடம் போங்கள். அதைவிட முக்கியமாக, உறையைப் பிரித்துப் புதிய பிளேடை உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கக்கூடியது; பழைய பிளேடை டெட்டாலில் ஒருமுறை நனைத்து எடுப்பது அதற்குப் போதாது. பையன்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் கடை இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி (போரூர், 15 வயது): ஆண்டு விழாவுக்கு முன்முடிக்கு மட்டும் கலர் அடிக்கலாமா?

பதில்: கூடாது. நம் கருமுடியில் கலர் தெரிய முதலில் ப்ளீச் செய்தாக வேண்டும், அது முடியை நொறுக்கும். கருஞ்சாயங்களில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் பலருக்கு ஒவ்வாமை தரும். 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிச் சோதிக்காமல் எந்தச் சாயமும் போடக் கூடாது. விழா முடிந்த மறுநாள் நம் ஆசிரியர் ஐயாவையும் நீ பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி (அடையாறு, ஒரு தந்தை): மகன் தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று முடி கொட்டியிருக்கிறது. அந்த இடம் மறையும்படி வெட்ட முடியுமா?

பதில்: சுற்றியுள்ள முடியை நீளமாக விட்டு மறைக்கலாம். ஆனால் அது புழுவெட்டாக இருக்கலாம். பூச்சி அரிப்பதால் அது வருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருகிறது. வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். செதிலும் அரிப்பும் ஒடிந்த முடியும் இருந்தால் படையாகவும் இருக்கலாம், அது மற்றவருக்கும் ஒட்டும். அப்படியானால் குணமாகும்வரை எந்தக் கடைக்கும் அழைத்து வர வேண்டாம்.

கேள்வி (பல்லாவரம், 17 வயது): தினமும் முடி கொட்டுகிறது. அப்பாவுக்கு வழுக்கை.

பதில்: நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் என்றால் மருத்துவர்.

கேள்வி (மாதவரம்): ஐயா, ஆடி மாதத்தில் மொட்டை...

பதில்: தாம்பரம். தாம்பரம். தாம்பரம்.

கேள்வி (புரசைவாக்கம், ஒரு அக்கா): தம்பி முதன்முறையாக வெட்டை மாற்றப் போகிறான். என்றைக்கு அழைத்துப் போவது நல்லது?

பதில்: ஞாயிறு காலையில் வேண்டாம் அக்கா. அன்று வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, காய்ந்த தலையைப் பார்த்துப் பேச எவருக்கும் நேரம் இராது. வழக்கமான வெட்டுக்குத்தான் கை போகும். புதன் அல்லது வியாழன் பிற்பகலில், எண்ணெய் வைக்காமல், ஜெல் போடாமல் அழைத்து வாருங்கள். முதல் முறை மேலே நீளமாகவே விடச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் அடுத்த வாரம் வந்து குறைத்துக்கொள்ளலாம்.