இடைப்பட்ட நேரத்துக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தராக இருக்கிறேன். 11 வருடமாகிறது. முதலில் சத்திரசிகிச்சை விடுதி, இப்போது அவசர சிகிச்சைப் பிரிவு. அமெரிக்காவில் தாதியாக இருக்கும் என் மச்சாள் ஒருத்தி, தங்கள் ஆஸ்பத்திரியில் 'ட்ரோமா புரோகிராம் மனேஜர்' என்று ஒரு பதவி இருக்கிறது, அதில் இருப்பவரும் தாதிதான், பெரிய சேர்ஜன்மாரும் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறாள். எனக்கு அந்த வேலையில் ஆசை வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "மனநோய்க்குப் படிக்கப் போறியோ?" என்று கேட்டார். இங்கே அப்படி ஒரு பதவி உண்டா? அதற்கு என்ன படிக்க வேண்டும்? வெளிநாடு போனால்தான் சரிவருமா? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. கட்டிலடியை விட்டு மேசைக்குப் போய்விட்டால் நான் தாதியாக இருப்பேனா?

ஒரு தாதி, வன்னி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மா கேட்டதில் பிழையில்லை. ட்ரோமா என்ற சொல் நம் ஊர்களுக்கு அதிகமாக உளவளத்துணை வகுப்புகள் வழியாகத்தான் வந்தது. அதனால் மனதில் பட்ட காயம் என்றே சனம் விளங்கிக்கொண்டது. நீங்கள் சொல்வது உடம்பில் பட்ட காயம். டிப்பர் மோதியது, பனையால் விழுந்தது, அறுவடை இயந்திரத்தில் கை போனது, புதைந்து கிடந்த வெடிபொருள் வெடித்தது, காட்டில் மிருகங்களுக்கு வைத்த கட்டுத்துவக்கு வெடித்தது எல்லாம் இதற்குள் வரும். நான் இங்கே காய சிகிச்சை என்றே எழுதுகிறேன்.

மச்சாள் சொன்னது உண்மை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு ஆஸ்பத்திரி தன்னைக் காய சிகிச்சை நிலையம் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களின் கல்லூரி வகுத்த விதிகளின்படி நடக்கிறதா என்று 3 வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்கள். அதற்குப் பொறுப்பாக இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சேர்ஜன். மற்றவர்தான் நீங்கள் சொல்லும் மனேஜர். பெரும்பாலும் அவசரப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ வருடக்கணக்காக நின்று வந்த ஒரு தாதி. பெரிய நிலையங்களில் இந்த வேலைக்கென்றே முழுநேரமாக ஒருவரை வைக்க வேண்டும் என்பது விதி.

அவர் என்ன செய்கிறார்? ஒரு உதாரணம் சொல்கிறேன். மிக மோசமான காயக்காரர் வருகிறார் என்று அறிவித்தால், தரம் பிரித்த நிலையங்களில் மேலேயுள்ள முதல் இரண்டு தரத்திலும் சேர்ஜன் 15 நிமிடத்துக்குள் கட்டிலடியில் நிற்க வேண்டும். நூற்றுக்கு 80 தடவையாவது அப்படி நடந்திருக்க வேண்டும். யார் 14ஆவது நிமிடம் வந்தார், யார் 20ஆவது நிமிடம் வந்தார் என்று எண்ணுவது அந்த மனேஜருடைய வேலை. ஆளைப் பிடித்துக் கொடுக்க அவர் எண்ணவில்லை. ஏன் பிந்தியது என்று கேட்கிறார். தொலைபேசி கிடைக்கவில்லையா, ஒரே நேரத்தில் இரண்டு ஒப்பரேசனா, அறிவித்தவருக்கே யாரை அழைப்பது என்று தெரியவில்லையா? காரணம் தெரிந்தால் திருத்தலாம். திருத்திய பிறகு மறுபடியும் எண்ண வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதுவதற்கே வருடத்துக்கு 200, 300 காயக்காரருக்கு அரை ஆள், அதாவது ஒருவருடைய பாதி வேலைநேரம், என்ற கணக்கில் ஆட்கள் வைக்கிறார்கள். எழுதுவதை அவர்கள் மேலதிக வேலையாக நினைக்கவில்லை, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்திருக்கிறார்கள்.

இந்த வேலை ஏன் வேண்டும் என்று எனக்கு விளங்கியது ஒரு காலால். நான் தாதி வேலையில் இருந்த கடைசி வருடங்களில் நடந்தது. ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்துக் கமக்காரர், பொழுதுபடும் நேரம் உழவு இயந்திரம் பிரண்டு தொடைக்குக் கீழே நசிந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர்கள் சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டி ஓட்டோவில் ஏற்றினார்கள். முதல் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, கடிதம் எழுதி அனுப்பினார்கள். இரண்டாவதில் எக்ஸ்ரே எடுத்து, இங்கே சரிவராது என்று அனுப்பினார்கள். மூன்றாவதில் நான் நின்றேன். கட்டு இன்னும் இறுகியபடியே இருந்தது. எப்போது கட்டியது என்று ஒரு தாளிலும் இல்லை. காலைக் காப்பாற்ற முடியவில்லை.

பிறகு ஒரு நாள் மூன்று இடத்துத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஒவ்வொரு இடத்திலும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். நேரம் போனது இடையில். ஓட்டோ தேடிய நேரம், அம்புலன்ஸ் சாரதி வரும்வரை காத்த நேரம், எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற நேரம், எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் முன்கூட்டி ரெலிபோன் வராததால் தியேட்டரை ஆயத்தம் செய்யப் பிடித்த நேரம். அந்த நேரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? விடுதிக்கு ஒரு சிஸ்டர் இருந்தார், தியேட்டருக்கு ஒருவர் இருந்தார், அம்புலன்ஸுக்கு ஒருவர் இருந்தார். வயலில் இருந்து தியேட்டர் வரைக்கும் வந்த அந்த மனிதருக்கு ஒருவரும் இல்லை. நீங்கள் ஆசைப்படும் பதவி அதுதான், தங்கச்சி.

வன்னிக்கு இந்த வேலை புதிது என்றும் சொல்ல மாட்டேன். 2009இல் போரின் கடைசி மாதங்களில் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக்குள் ஆஸ்பத்திரி நடத்தியவர்கள், மருந்தும் இரத்தமும் இல்லாத நேரத்தில், யாரை முதலில் தியேட்டருக்கு எடுப்பது, செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் யாரை ஏற்றுவது என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்தார்கள். காய சிகிச்சையைத் தலைமை தாங்குவது என்றால் அதைவிடக் கடினமாக ஒன்று இருக்க முடியாது. அவர்களிடம் இருந்த அறிவில் எவ்வளவு எழுத்தில் தங்கியது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது.

அதே 2009இல் உலக சுகாதார நிறுவனம் காய சிகிச்சையின் தரத்தை உயர்த்துவது பற்றி ஒரு கைநூல் வெளியிட்டது. வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளையும் மனதில் வைத்து எழுதியது. அதில் தாய்லாந்தின் கோன் கேன் ஆஸ்பத்திரியின் கதை வருகிறது. கோன் கேன் அந்த நாட்டின் வடகிழக்கில், வயலும் மோட்டார் சைக்கிளும் நிறைந்த பக்கம். வாசிக்கும்போது எனக்குக் கிளிநொச்சிதான் கண்ணுக்குள் வந்தது. அங்கே காயக்காரருக்கு ஒரு பதிவேடு தொடங்கி, இறந்தவர்களின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். தப்பியிருக்கக்கூடிய பலர் இறந்திருப்பது தெரிந்தது. இரத்தம் போய்ச் சோர்ந்தவர்களுக்கு உயிர்மீட்புச் சிகிச்சை கொடுப்பதில் தாமதம், தலையில் அடிபட்டவர்களின் ஒப்பரேசனில் தாமதம். அவர்கள் செய்த மாற்றங்களைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குள் பேச வானொலிக் கருவி வைத்தார்கள். சனம் கூடும் நேரங்களில் அனுபவமுள்ள சேர்ஜனை அவசரப் பிரிவிலேயே நிறுத்தினார்கள். புதிதாக வரும் இளம் டொக்டர்களுக்குக் காய சிகிச்சை பற்றி முதலிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அனுமதிக்கப்பட்ட காயக்காரரில் இறப்பவர்கள் நூற்றுக்கு 6.1 பேராக இருந்தது 4.4 ஆகக் குறைந்தது. இதில் எந்த மாற்றத்துக்கும் பெரிய காசு தேவைப்படவில்லை. எங்கே பிழை நடக்கிறது என்று தெரிந்ததுதான் காரணம்.

சரி, இங்கே அந்தப் பதவி உண்டா என்று கேட்டீர்கள். அந்தப் பெயரில் ஒரு தாதிக்கான பதவியை நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நான் கண்டதில்லை. ஆனால் அதன் சாயல் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியைப் பாருங்கள். அவருக்கென்று ஒரு விடுதி இல்லை. எல்லா விடுதிக்கும் போகிறார், எண்ணுகிறார், கை கழுவாத டொக்டரிடமும் போய்ச் சொல்கிறார். ஒரு காலத்தில் அந்த வேலையும் இல்லாமல்தான் இருந்தது. தர முகாமைத்துவப் பிரிவு இன்னொரு வாசல். அங்கே போன தாதிகள் ஆஸ்பத்திரி முழுவதையும் பார்க்கப் பழகுகிறார்கள். படிப்பைப் பொறுத்தவரை, உங்களிடம் இருப்பது தாதியர் பயிற்சிக் கல்லூரியின் 3 வருட டிப்ளோமா என்றால், திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டத்தை வேலையை விடாமலே படிக்கலாம். மருத்துவ நிர்வாகத்தில் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் படிப்பு டொக்டர்களுக்கானது, அந்தக் கதவில் போய்த் தட்ட வேண்டாம். இவற்றோடு, எண்களோடு பழக வேண்டும். கணினியில் ஒரு அட்டவணை போட்டு, சராசரிக்கும் இடைநிலை எண்ணுக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வித்தியாசம் தெரிந்திருந்தால் தொடங்கப் போதும்.

வெளிநாடு போகலாமா என்பதற்கு நான் பதில் சொல்வது நியாயமில்லை. உங்கள் வீட்டுக் கடன் எனக்குத் தெரியாது. போவதானால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அமெரிக்காவில் முதலில் அவர்களுடைய தாதியர் உரிமப் பரீட்சை எழுத வேண்டும், அப்புறம் மறுபடியும் கட்டிலடியில் இருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பதவி கைக்கு வரப் பல வருடம் செல்லும். தமிழ்நாட்டில் நடப்பதையும் ஒரு கண் பாருங்கள். 2021 டிசம்பரில் அங்கே வீதி விபத்தில் காயப்பட்டவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை அரசே பொறுப்பேற்கும் திட்டம் தொடங்கியது. நம் மொழியிலேயே அதைப் பற்றி வாசிக்கலாம், பேசிப் பார்க்கவும் ஆட்கள் கிடைப்பார்கள்.

நான் உங்களிடம் கேட்பது வேறொன்று. பதவி வரும்வரை காத்திருக்காமல் ஒரு கொப்பி வாங்குங்கள். 160 பக்கக் கொப்பி போதும். அவசரப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பெரிய காயக்காரருக்கும் ஒரு வரி. பெயர் வேண்டாம், அது அவருடைய அந்தரங்கம். காயம் பட்ட நேரம், உங்களிடம் வந்த நேரம், எதில் வந்தார், இடையில் எத்தனை ஆஸ்பத்திரி, டொக்டர் பார்த்த நேரம், தியேட்டருக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போன நேரம், கடைசியில் என்ன ஆனார். பொறுப்புச் சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள், ஒளித்து எழுத வேண்டாம்.

இதில் காயம் பட்ட நேரத்தை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் எப்போதும் வந்த நேரத்தை மட்டும்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த ட்ரனெக்ஸாமிக் அசிட் போடுகிறோம் அல்லவா, 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட காயக்காரரிடம் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அந்த மருந்து உயிர் காக்கிறது என்று அது காட்டியது. அடுத்த வருடம் அதே தரவை மறுபடி பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. காயம் பட்டு 3 மணிநேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்மை. பிந்திக் கொடுத்தால் கெடுதி வரவும் கூடும். 3 மணிநேரம் வயலில் இருந்து எண்ணப்படுகிறது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கரையோரக் கிராமத்திலிருந்து ஒருவர் இரண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கி உங்களிடம் வரும்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? வந்த நேரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்த பிறகு, அதில் வருகிறவர்களுக்காவது அழைப்பெடுத்த நேரத்தைக் கேட்டு அறியலாம். அந்த அம்புலன்ஸ் பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

கட்டிலடியை விட்டுப் போனால் தாதியாக இருப்பேனா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியை நான் பல இரவு எனக்குள் கேட்டிருக்கிறேன். அந்தக் கமக்காரரின் புண்ணுக்கு 3 கிழமை நான்தான் மருந்து கட்டினேன். என் கை அவருக்கு ஆறுதலாக இருந்தது என்று அவரே சொன்னார். ஆனாலும் அவருக்கு என்னிடமிருந்து உண்மையில் தேவைப்பட்டது, அவர் வருவதற்கு ஒரு வருடம் முன்பே யாரோ செய்திருக்க வேண்டிய வேலை. முதல் ஆஸ்பத்திரியில் இருந்து எங்களுக்கு ஒரு ரெலிபோன், கடிதத்தில் கட்டிய நேரம் எழுத ஒரு கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை அச்சடிக்க வைப்பதும் மருந்து கட்டுவதுதான் என்று இப்போது நம்புகிறேன். கையால் செய்யும் வேலையை முழுவதும் விட்டுவிடவும் வேண்டாம். கிழமைக்கு ஒரு டியூட்டியாவது அவசரப் பிரிவில் நில்லுங்கள். நிற்காதவர் எழுதும் விதிகளை நிற்பவர்கள் மதிக்க மாட்டார்கள்.

3 மாதம் எழுதிய பிறகு கொப்பியை உங்கள் சேர்ஜனிடம் கொண்டு போங்கள். கிளினிக் நாளில் போகாதீர்கள், தியேட்டர் முடிந்து பிளேன்டீ குடிக்கும் நேரம் பார்த்துப் போங்கள். முறைப்பாடாகச் சொல்ல வேண்டாம், யாருடைய பெயரும் வேண்டாம். "சேர், எங்களிடம் வந்த இத்தனை பேரில் இத்தனை பேருக்குக் காயம் பட்ட நேரமே எங்களுக்குத் தெரியாது" என்று ஒரு எண்ணை மட்டும் சொல்லுங்கள். அவர் கொப்பியைக் கையில் வாங்கிப் புரட்டினால், மாதத்துக்கு ஒரு தடவை அரை மணிநேரம் இதைப் பற்றி எல்லோரும் இருந்து பேசலாமா என்று கேளுங்கள். புரட்டாவிட்டால் இன்னும் 3 மாதம் எழுதிவிட்டு மறுபடி போங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா