‘தி காடஸ்’ படத்தில் ஒலி வராதது பற்றி

‘தி காடஸ்’ என்ற 1934ஆம் ஆண்டுச் சீனப் படத்தில் ஒலியே வரவில்லை, பிரதி பழுதா என்று கேட்டுப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பழுதில்லைங்க, அது மௌனப் படம்தான். சீனாவில் 1931லேயே பேசும்படம் வந்துவிட்டாலும், பல தியேட்டர்களில் ஒலிக்கருவி இல்லாததால் ஷாங்காயில் மௌனப் படங்களும் தொடர்ந்தன. சில பிரதிகளில் வரும் இசை பிற்காலத்தில் சேர்த்தது.

தயவுசெய்து பள்ளி விழாக் காட்சி வரையாவது பாருங்கள். மகன் மேடையில் பாடுகிறான்; தாயாக நடிக்கும் ருவான் லிங்யூ முகம் மலர்ந்து கேட்கிறார். சுற்றிலும் மற்ற தாய்மார்கள் அவரைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள். மகனைப் படிக்க வைக்க உடலை விற்கும் அந்தத் தாய்க்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. படம் வந்த அடுத்த ஆண்டு, 1935 மார்ச் 8 அன்று, 24 வயதில், ருவான் தற்கொலை செய்துகொண்டார். அப்புறம், இயக்குநர் வூ யோங்காங்குக்கு இதுதான் முதல் படம்.